நீ என்ன கட்டப்போற?

பத்திரிகையை வைத்துவிட்டு அத்தானும் அக்காவும் லிஃப்ட்டில் கீழே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள், அம்மாவிடமிருந்து போன். மயிலாடுதுறையில் இருப்பவளுக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு யார், எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் எப்படித்தான் தெரியுமோ. அத்தையின் பேத்திக்குக் கல்யாணம், கும்பகோணத்தில், வைகாசியில், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். நான் சொல்லி முடிக்கவில்லை. "அது கிடக்கட்டும். நீ என்ன கட்டப்போற?"

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் அப்புறம். ரொம்ப நாள் வரை இதை ஒரு புடவைப் பைத்தியத்தின் கேள்வி என்றே நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு நீ யார் என்றுதான் அம்மா கேட்கிறாள். சொந்தமா, சிநேகிதமா, கூட வேலை பார்ப்பவளா, பத்திரிகையைப் பார்த்துவிட்டு மொய் வைக்க மட்டும் போகிறவளா? அதற்குத் தக்கபடி புடவை. அம்மாவின் கணக்கில் ரத்த சொந்தம் என்றால் பட்டு, வெயில் எவ்வளவு அடித்தாலும் பட்டு. ஆபீஸ் கல்யாணத்துக்கு சில்க் காட்டன் போதும். மாலை வரவேற்புக்கு மட்டும் தலையைக் காட்டுவதென்றால் "ஏதோ ஒண்ணு, கசங்காததா".

இந்தக் கணக்கை நான் இரண்டு பக்கமும் தப்பவிட்டிருக்கிறேன்.

முதல் தப்பு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதபோது. கூட வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம். என் முகூர்த்தப் புடவை பீரோவில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, ஒரு சாண் அகலத்துக்குச் சரிகை. கழுத்தில் கல் அட்டிகை, அதற்குக் கீழே காசுமாலை. மண்டபத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, மணப்பெண் கூறை மாற்றிக்கொண்டு வந்தாள். அதே அரக்கு, அதே பச்சை. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருத்தர், என் கையைப் பிடித்துக்கொண்டு வாஞ்சையாகக் கேட்டார்: "பொண்ணுக்கு அக்காவாம்மா?"

"இல்ல பாட்டி, கூட வேலை பார்க்கறேன்."

"அப்படியா" என்றார். கண் மட்டும் புடவைக் கரையிலிருந்து கிளம்பி, காசுமாலை வழியாக அட்டிகை வரைக்கும் போய்த் திரும்பியது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த "அப்படியா" இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் மறுபக்கம் சாய்ந்தேன். சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்கு லினன் புடவை, சுடுமண் தோடு, கையில் ஒரு வாட்ச். என் கண்ணுக்கு அது எளிமை, ரசனை. சித்தி பந்தியில் பரிமாறிக்கொண்டே காதோரம் கேட்டாள்: "ஏன்டி, எங்க வீட்டுக் கல்யாணம் உனக்கு அவ்வளவுதானா?" அன்றைக்கு அவள் போட்ட வடையை முழுங்க முடியவில்லை.

ஆகவே இந்தத் தடவை யோசித்துத்தான் எடுத்தேன். அத்தை பேத்தி, பட்டு கட்டாயம். ஆனால் அரக்கு கூடாது. மணப்பெண் முகூர்த்தத்துக்கு என்ன கட்டுகிறாள் என்று அக்காவிடமே போனில் கேட்டுவிட்டேன். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், பெண் வீட்டார் சந்தோஷமாகச் சொல்வார்கள், போட்டோவும் அனுப்புவார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரையாம். சரி, மஞ்சளும் போயிற்று. கறுப்பு எங்கள் வீடுகளில் முகூர்த்தத்துக்கு ஆகாது. கடைசியில் வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு திருபுவனம் பட்டு. திருபுவனம் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்தான். பேருந்தில் போகும்போது தறிச் சத்தம் கேட்டபடியே கடந்த ஊர். அங்கே நெய்பவர்களில் பெரும்பாலானவர்கள் சௌராஷ்டிரர்கள். புடவையை விசிறி மாதிரி மடிப்பது அவர்கள் வழக்கம். 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு அது 2005-லேயே கிடைத்துவிட்டது. கும்பகோணத்துக் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தைச் சுமந்துகொண்டு போவானேன் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

இளசுகளின் வாட்ஸாப் குழுவில் வேறு ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மெஹந்திக்கு எல்லாரும் பச்சை, வரவேற்புக்கு பேஸ்டல், முதல் நாள் சாயங்காலம் சங்கீத். அம்மாவிடம் சொன்னேன். "சங்கீத்னா? கச்சேரி வைக்கறாங்களா? யார் பாடறா?" என்றாள். நாமேதான் ஆட வேண்டுமாம் என்றதும் போனை வைத்துவிட்டாள்.

புடவை நிறம் பற்றி ஒன்று. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து எடுத்த நிறம் மண்டபத்தில் வேறாகத் தெரியும். நல்ல கடையில் கேட்டால் வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்க் காட்டச் சம்மதிப்பார்கள். முக்கியமாக மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் புடவைகள். பாவு, அதாவது நீளவாக்கு இழை, ஒரு நிறம்; குறுக்கே ஓடும் ஊடை வேறொரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், மடிப்பு விழும் இடத்தில் பச்சை. வீடியோக்காரரின் ஃபோகஸ் விளக்கு மேலே விழுந்தால் மூன்றாவதாக ஒரு நிறம்.

மயில்கழுத்து என்று சொல்ல வந்ததே அம்மாவின் புடவை ஞாபகத்தில்தான். அது 1989-இல் அப்பா காஞ்சிபுரத்துக்கே போய் வாங்கி வந்தது. சின்ன வயதில் எனக்கு அந்தப் புடவையைப் பிரித்துப் பார்ப்பது ஒரு விளையாட்டு. கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறொரு நிறம். ஊடை இழையைச் சுமந்துகொண்டு தறியில் ஓடும் கட்டைக்குப் பேர் நாடா. உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கை போதாது, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கரை உடம்போடு சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாகப் பல் வைத்திருக்கும். முந்தானை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, அதன் பேர் பிட்னி. பழைய பாவு இழையோடு புது நிறத்து இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்த இடம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலில் தட்டுப்படும்.

சரிகை பற்றியும் அம்மா சொல்லித்தான் தெரியும். பட்டு நூலைச் சுற்றி வெள்ளி, அதன்மேல் தங்க முலாம். உள்ளே இருக்கும் பட்டு நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதனால் பழைய சரிகை தேய்ந்த இடத்தில் சிவப்பாக எட்டிப்பார்க்கும். கடையில் போய்ச் சுரண்டிப் பார்க்காதீர்கள், அடிக்க வருவார்கள். புதுப் புடவையில் தொங்கும் 'சில்க் மார்க்' அட்டையைப் பார்த்துவிட்டுச் சரிகையும் அசல் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த அட்டை பட்டு சுத்தமா என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சரிகையை பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பீரோவில் வைக்கும்போது மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றணும். என் கூறைப்புடவையை ஒரே மடிப்பில் ஆறு வருஷம் வைத்திருந்து, ஒரு நாள் பிரித்தபோது மடிப்பு ஓடிய இடமெல்லாம் சரிகை இற்றுக் கிடந்தது. சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டுவதற்கு முன்னாலேயே அடித்துக்கொள்ளுங்கள், சரிகையில் பட்டால் கறுத்துவிடும். பாச்சை உருண்டையையும் நேரடியாகப் புடவைமேல் போடக்கூடாது. அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில்தான் ஒவ்வொரு புடவையையும் சுற்றி வைத்திருக்கிறாள்.

கூறை என்ற சொல் வந்ததால் ஊர்ப் பெருமையையும் பேசிவிடுகிறேன். மயிலாடுதுறையில் கூறைநாடு என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நெய்த, பருத்தியும் பட்டும் கலந்த கட்டம் போட்ட புடவையால்தான் கூறைப்புடவை என்ற பேரே வந்தது என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். இப்போது முகூர்த்தத்துக்கு எதைக் கட்டினாலும் அதற்குப் பேர் கூறை. பேரைக் கொடுத்த ஊரில் தறிச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

நகைக்கு வருவோம். என் கொள்கை: ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும். காதில் பெரிய ஜிமிக்கியும் மாட்டலும் என்றால் கழுத்தில் மெல்லிய சங்கிலி. கழுத்தில் அட்டிகை என்றால் காதில் சின்னத் தோடு. விருந்தாளிக்கு ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி மூன்றும் கூடவே கூடாது, அது மணப்பெண்ணின் ராஜ்ஜியம். இந்தக் கொள்கையை அம்மா ஏற்கவில்லை. "கையில வளையல் சத்தம் கேட்கலைன்னா கல்யாணத்துக்கு வந்த மாதிரியே இல்ல" என்பாள். அதனால் கண்ணாடி வளையல் மட்டும் இரண்டு கைக்கும் ஒரு டஜன்.

கவரிங் போட்டுக்கொண்டு போகலாமா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக. தங்கம் விற்கிற விலையில் ஒரு சவரன், அதாவது 8 கிராம், வாங்குவதற்கே ஒரு மாதச் சம்பளம் போதாத வீடுகள்தான் அதிகம். ராத்திரி ரயிலில் பத்து சவரனை மடியில் கட்டிக்கொண்டு தூங்காமல் போய், மண்டபத்தில் கண் எரிய உட்கார்ந்திருப்பதைவிட, சிதம்பரம் கவரிங் எவ்வளவோ மேல். கோயில் நகை மாதிரியான சிவப்புக்கல் பச்சைக்கல் வேலைப்பாடு இப்போது எல்லா விலையிலும் கிடைக்கிறது. அந்த வேலைக்குப் பேர்போன இடம் நாகர்கோவிலில் இருக்கும் வடசேரி. ஒரே ஒரு எச்சரிக்கை: அசல் ஒன்றும் கவரிங் ஒன்றும் ஒரே கழுத்தில் போடாதீர்கள். இரண்டின் மஞ்சளும் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பை விஷயத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. போட்லி என்று எண்ணூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அது என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான். அவள் அதில் வெற்றிலை வைத்திருந்தாள். என்னுடையதில் மொய்க் கவர், ஒரு ரூபாய் நாணயம் தனியாக, ஊக்கு ஏழெட்டு, ஹேர்பின், தலைவலி மாத்திரை. போன் நுழையாது. போனை இடுப்பில் செருகிப் பிடித்துக்கொண்டே அலைய வேண்டும். திரும்பி வரும்போது இந்த ராஜ அலங்காரத்துக்கெல்லாம் மேலே தேங்காய் போட்ட தாம்பூலப் பை ஒன்று கையில் ஆடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பு: பழையது. புதுச் செருப்போடு போய் யாருடைய செருப்போடோ வீடு திரும்பியவள் சொல்கிறேன். பூ: வைகாசியில் மல்லிக்குக் கவலையில்லை. தை முகூர்த்தம் என்றால்தான் பனியில் வரத்துக் குறைந்து விலை ஆயிரங்களில் நிற்கும். அப்போது கனகாம்பரத்தில் நாலைந்து மல்லியைச் செருகி ஒப்பேற்றலாம், வாசனைக்கு வாசனை.

ஆண்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. என் கணவருக்கு மயில்கண் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒன்பது நிமிஷம். அதிலும் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி வந்தபிறகு நான்கு நிமிஷம். மிச்ச ஐந்து நிமிஷம் "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பதற்கு.

வேறு வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகும்போது அம்மாவின் கணக்கு உதவாது, அங்கேயே யாரையாவது கேட்டுவிட வேண்டும். தூத்துக்குடியில் கிறிஸ்தவச் சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்துக்குச் சந்தன நிறப் பட்டு கட்டிப் போக இருந்தேன். நல்ல வேளை, அவள் தங்கை போனில் "அக்கா, கோயில்ல பொண்ணுதான் வெள்ளையும் சந்தனமும்" என்றாள். நாகூரில் ஒரு நிக்காஹ். முந்தானையைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்டினேன், தலையை மூட வேண்டியிருந்தால் மூடலாம் என்று. சுயமரியாதைத் திருமணம் என்றால் எனக்கு ரொம்ப சௌகரியம். 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டப்படி செல்லுபடியாக்கினார்களே, மாலை மாற்றிக்கொண்டாலே போதும் என்று, அந்த மாதிரி கல்யாணம். புகை இல்லை, விடியற்காலை எழ வேண்டாம். நல்ல சுங்குடியோ கண்டாங்கியோ கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கலாம்.

இவ்வளவும் பேசினேனே, அம்மா என்ன கட்டப்போகிறாள் என்று நான் கேட்கவே இல்லை.

அப்பா போய் நான்கு வருஷம். அதற்கப்புறம் அம்மா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே சாம்பல் நிறப் புடவை, பொட்டுச் சரிகை கிடையாது. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் என்ன கட்டப்போற என்று கேட்கிறவளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நான் உட்பட.

கேட்டவள் அத்தை. அப்பாவின் தங்கை, எழுபது தாண்டியாயிற்று. "அண்ணி, எங்க அண்ணன் வாங்கிக் கொடுத்தாரே ஒரு மயில்கழுத்து, அதைக் கட்டிக்கிட்டு முகூர்த்தத்துக்கு முன்னாடி வாங்க. அந்தச் சாம்பலைக் கட்டிக்கிட்டு வந்தா நான் உங்களோட பேச மாட்டேன்" என்றாளாம். அம்மா இதை என்னிடம் புகார் மாதிரிதான் சொன்னாள். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க? அவளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவா." ஆனால் கும்பகோணத்தில் மண்டபத்து மாடி அறையில் பையைத் திறந்தபோது சாம்பலும் இருந்தது, வேட்டித் துணியில் சுற்றிய மயில்கழுத்தும் இருந்தது.

விடியற்காலை மூன்றரை. ஜாக்கெட் ஏறவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய அளவு. அம்மாவின் முகத்தில் ஏமாற்றமா, நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை. "பார்த்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று சாம்பலை எடுக்கப் போனாள். நான் கணவரை எழுப்பி ஷேவிங் பிளேடை வாங்கி, பாதியாக ஒடித்து, பக்கத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஊரில் தைத்துக்கொடுத்த டெய்லர் நல்லவர், ஒரு விரற்கடை துணி உள்ளே விட்டிருந்தார். தையல் பிரிந்ததும் உள்ளே இருந்த துணி வெளியே வந்தது. வெளிச்சமே படாத துணி. ஜாக்கெட் முழுக்கத் தேய்ந்து மங்கியிருக்க, அந்த ஒரு பட்டை மட்டும் நேற்று வாங்கிய மாதிரி நீலமும் பச்சையுமாக மின்னியது. இரண்டு பக்கமும் இடுப்பு வரை ஒரு கோடு. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த நிறமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

முந்தானை ஒரு பக்கத்தை மறைத்தது. இன்னொரு பக்கம் தெரிந்தது, தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். வாசலில் பன்னீர் தெளித்த சின்னப் பெண் எல்லார்மீதும் தெளித்த மாதிரியே அம்மாமீதும் தெளித்தாள். சந்தனத்தைக் கையில் தொட்டுக்கொண்டாள் அம்மா. பூவை மட்டும் வாங்கி என் தலையில் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கென்று ஒரு எல்லை இருக்கிறது, அது என்னுடையதோ அத்தையுடையதோ அல்ல. முன்வரிசைக்கு அத்தை கூப்பிட்டும் போகாமல் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது எழுந்து நின்று அங்கிருந்தே அட்சதை போட்டாள். பாதி முன்வரிசைக்காரர்களின் தலையில் விழுந்தது.

பின்னாலிருந்து யாரோ யாரிடமோ கேட்டார்கள்: "அந்த மயில்கழுத்து யாரு?"

"பொண்ணோட பாட்டிக்கு அண்ணி. அவரு போய் நாலு வருஷமாச்சு."

"அப்படியா."

அதே "அப்படியா"தான். அம்மாவுக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மணமேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் புடவையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கோர்வை இல்லடி, சும்மா பார்டர் போட்டது" என்றாள் என் காதில்.

பந்தியில் பால் பாயசம். அம்மா டம்ளரைத் தூக்கும்போது முந்தானையில் நெய்யோடு ஒரு சொட்டு. நான் தண்ணீரைத் தொடப் போனேன், கையில் ஒரு அடி வைத்தாள். சுருக்குப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, கறைமேல் கொட்டி, அப்படியே சாப்பிட்டு முடித்தாள். பட்டில் எண்ணெய்க் கறை என்றால் முதலில் பவுடர், அது உறிஞ்சட்டும், தேய்க்கவே கூடாது. வீட்டுக்குப் போனதும் உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் ஒரு நாள் கொடியில் கிடந்திருக்கிறது.

நாலு நாள் கழித்து போன். கறை போய்விட்டதாம். ஆவணியில் சித்தப்பா பேரனுக்குக் கல்யாணம் திருவாரூரில், பத்திரிகை அடித்தாகிவிட்டதாம். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அந்த ஜாக்கெட்டுல பட்டை தெரியுதுடி. சென்னையில அந்தக் கலர்ல துணி கிடைக்குதான்னு பாரு. முக்கால் மீட்டர் போதாது, ஒரு மீட்டரா வாங்கு" என்றாள்.